குளிர் இல்லத் திட்டம், வளப்பூர் நாடு

ஆடிக் காற்றில் சில்வர் ஓக் மரம் ஒன்று செல்லமுத்துவின் வீட்டின் மேல் வந்து சாய்ந்தபோது, அதில் ஏறியிருந்த மிளகுக்கொடிக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குத்தான் ஆனது. பாதிக் கூரை போய்விட்டது. மீதிப் பாதியில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு அவரும் மனைவி பாவாயியும் காலம் தள்ளினார்கள். மரவள்ளிக் காடும் ஒன்பது ஆடுகளும் வைத்திருக்கிற இரண்டு பேருக்கு அது போதும்தான். ஆனால் மலைக்குக் கீழே பேளுக்குறிச்சியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் கோகிலாவுக்கு மார்கழியில் தலைப்பிரசவம். தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வந்து, மூன்று மாதமாவது இருந்து, சீரோடு திரும்பிப் போவதுதான் முறை. கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்த வளப்பூர் நாட்டின் மார்கழி எப்படி இருக்கும் என்று செல்லமுத்துவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பச்சைக் குழந்தையைத் தார்ப்பாய்க்குக் கீழே போட முடியாது. அவருக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். இரண்டாவது கவலை வைத்துக்கொள்கிற அளவுக்கு அவர் வசதியானவர் அல்ல.

ஆவணி முதல் வாரத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று மலைக்கு வந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் குடல் வெளியே வரும்வரை வாந்தி எடுத்திருந்த அறிவிப்பாளர், மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் பேசினார்.

“அன்பார்ந்த பொதுமக்களே! உங்கள் வீட்டில் இனி, குளிர் இல்ல...” இங்கே ஒரு மூச்சு. “திட்டம்! குளிர் இல்ல...” இன்னொரு மூச்சு. “திட்டம்!”

கீழ்நாட்டுக்காரர் காதில் இது குளிர்ந்த இல்லம் என்று விழும். அதற்காகத்தான் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். மலைக்காரர் காதில் விழுந்தது வேறு. குளிர் இல்ல. அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் அரசாங்கம் தங்களைச் சரியாகப் புரிந்துகொண்டது இதுவே முதல் தடவை என்று வளப்பூர் நாடே ஜீப்பை நின்று பார்த்தது.

“ஏனுங்க, குளிரே இல்லாத ஊடு கட்டித் தாராங்களாமா?” என்றாள் பாவாயி.

“அப்பிடித்தான் சொல்றாங்க.”

“கோகிலா வாரதுக்குள்ள முடிச்சிருவாங்களா? கேட்டுப்போட்டு வாங்க.”

செல்லமுத்து பஸ் ஏறிச் செம்மேட்டுக்குப் போனார். அங்கே கல்யாண மண்டபத்தில் முகாம். ‘வெப்ப ஈரமண்டல ஊரக ஆற்றல் சிக்கனக் குளிர் இல்ல இயக்ககம்’ என்பது அந்த அமைப்பின் பெயர். பெயர் ஒரு பலகையில் அடங்காததால் இரண்டு பலகைகளில் எழுதியிருந்தார்கள். முதல் பலகை ஏற்றிய வண்டி அடிவாரத்தில் பழுதாகி நின்றுவிட்டது. மண்டப வாசலில் இருந்த இரண்டாவது பலகை ‘குளிர் இல்ல இயக்ககம்’ என்று மட்டும் சொன்னது. செல்லமுத்துவுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் அத்தோடு போயிற்று.

உதவி இயக்குநர் அனுராதா ஸ்வெட்டர் போட்டு, அதன் மேல் சால்வை போர்த்தி, டீ கிளாஸை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல பெண்மணி. எல்லோரையும் உட்காரச் சொன்னார், டீ கொடுக்கச் சொன்னார். அவர் கையிலிருந்த படிவம்தான் கொஞ்சம் கறாரானது.

“உங்க வீட்டுல முக்கியமான பிரச்சினை என்னங்க ஐயா?”

“குளிருங்க.”

‘குளிர் தேவை’ என்று அனுராதா எழுதிக்கொண்டார்.

“எத்தனை வருஷமா?”

“பொறந்ததுல இருந்துங்க.”

“தாங்க முடியுதா?”

“முடியலீங்க மேடம். மழை பேஞ்சா எலும்புக்குள்ள போயிருதுங்க.”

படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. வெப்பம், மிகை வெப்பம், தாங்க முடியாத வெப்பம். அவர் கண் கலங்குவதைப் பார்த்த அனுராதா மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தார். வளப்பூர் நாட்டிலிருந்து வந்த விண்ணப்பங்களிலேயே அவருடையதுதான் அவசரமானது என்று முடிவாகி, இருபதே நாளில் உத்தரவும் வந்தது. இவ்வளவு வேகமாக ஒரு காரியம் நடந்தபோதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

வரைபடத்தை விரித்துப் பார்த்த அன்றுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. சுவர் முழுக்க ஓட்டை. தெற்குச் சுவரிலும் வடக்குச் சுவரிலுமாக நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டைகள். உச்சியில் சூடான காற்று வெளியேற ஒரு புகைக்கூண்டு. வெயிலைத் திருப்பி அனுப்ப வெள்ளைக் கூரை. வாசலுக்குக் கதவுக்குப் பதில் மூங்கில் தட்டி. வீட்டுக்குள் அடுப்பு என்ற பேச்சே இல்லை.

“ஏனுங்க மேடம், இதுல குளிரு அடிக்குமுங்களே?”

“அதுதாங்க ஐயா திட்டமே!” என்றார் அனுராதா பெருமையோடு.

“இங்க முன்னாலயே குளிருங்க மேடம்.”

அனுராதா கோபப்படவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வது போல விளக்கினார். “நாமக்கல் மாவட்டம் எங்க வெப்ப ஈரமண்டலப் பட்டியல்ல இருக்கு. கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்துல இருக்கு. அப்போ இங்க என்ன?”

“குளிருங்க.”

“இல்லை. வெப்ப ஈரம். ஒரு மாவட்டத்துக்குள்ள ஆளாளுக்குத் தனியாக் குளிர விதியில இடமில்லீங்க ஐயா. உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா குளிர்ச் சான்று வாங்கிட்டு வாங்க.”

குளிர்ச் சான்று வாங்க அவர் நான்கு நாள் அலைந்தார். சாதிச் சான்று உண்டு, வருமானச் சான்று உண்டு, வாரிசுச் சான்று உண்டு, மரத்தை வெட்டவும் சான்று உண்டு. குளிருக்கு இல்லை. கடைசியாகப் பார்த்த அதிகாரி இரக்கப்பட்டு, “வேணும்னா இருப்பிடச் சான்று தாரேனுங்க. நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு அதுல இருக்கும். குளிரை அவிய இங்க வந்து பாத்துக்கட்டும்” என்றார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார் செல்லமுத்து. ‘பயனாளி வெப்ப ஈரமண்டலத்தில் வசிப்பது உறுதி செய்யப்பட்டது’ என்று குறிப்பெழுதி அனுராதா அதைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்.

வீடு கார்த்திகையில் முடிந்தது. இடிபாட்டின் மேலேயே கட்டினார்கள். சாவி கொடுக்கும் விழாவுக்கு இயக்குநர் மணிவண்ணனே வந்தார். குரங்குக் குல்லாய், கையுறை, கழுத்தில் மப்ளர். மைக்கின் முன் வாயைத் திறந்தபோது புகையாக வந்தது.

“கொளுத்தும் வெயிலையும் பொருட்படுத்தாமல் இங்கே கூடியிருக்கும் என் சகோதர சகோதரிகளே!” என்று தாளைப் பார்த்துப் படித்தார். கூட்டம் போர்வைக்குள் இருந்து கைதட்டியது. “பன்னிரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தோம். பதினான்கு நாடுகளுக்குப் போய்வந்தோம். குளிரூட்டப்பட்ட அறைகளில் உட்கார்ந்து இரவும் பகலும் சிந்தித்தோம். கண்ட உண்மை என்ன? வீட்டில் வெப்பத்துக்குக் காரணம் சூரியன் அல்ல. குடியிருப்பவர்! அவர்தான் அடுப்பு மூட்டுகிறார். அவர்தான் கதவைச் சாத்துகிறார். ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஒரு மனிதர் நூறு வாட் பல்பு அளவுக்குச் சூட்டைக் கிளப்புகிறார். இதை எத்தனை நாள் பொறுத்துக்கொள்வது? எங்கள் வரைபடத்தில் இந்த வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை. இனி அதைக் கெடுக்காமல் இருக்க வேண்டியது திரு. செல்லமுத்து அவர்களின் பொறுப்பு.”

கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்த செல்லமுத்து தலையாட்டினார். அவர் அப்போதே நூறு வாட்டைக் குறைத்துக்கொள்ள முயற்சி செய்வது போலத்தான் இருந்தது.

வீட்டின் நடுச்சுவரில் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். அதற்குச் சௌகரியமானி என்று பெயர். வீட்டுக்குள் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம், எவ்வளவு காற்றோட்டம் என்று அளந்து சென்னைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அளவு இருபத்து நான்கு டிகிரியில் தொடங்கியது. அதற்குக் கீழே போனால் என்ன காட்டும் என்று செல்லமுத்து கேட்டார்.

“பச்சை விளக்கு எரியும். ‘சௌகரியம்’னு எழுத்து வரும்” என்றார் அனுராதா.

“இன்னும் கீழ போனா என்னங்க?”

“அதுக்குக் கீழ போக அதுக்கு என்னங்க தேவை?”

அதன் பிறகு விளக்கு அணையவே இல்லை. பாவாயிக்குப் பல் கிட்டித்துக்கொண்டபோதும் சௌகரியம். குடத்துத் தண்ணீரில் கைவைத்தால் விரல் மரத்துப்போனபோதும் சௌகரியம். காலையில் தெற்கு ஓட்டைகள் வழியே மேகம் உள்ளே வரும். பாயைச் சுற்றிப் பார்த்துவிட்டு வடக்கு ஓட்டைகள் வழியே அடுத்த காட்டுக்குப் போகும். போகும்போது போர்வையை நனைத்துவிட்டுப் போகும். பதினொரு மணியானால் சூரிய மின்விசிறி தானாகச் சுற்றத் தொடங்கும். மாலை நான்குவரை சுற்றும். அதற்குச் சுவிட்ச் கிடையாது. சுவிட்ச் வைத்தால் பயனாளிகள் அணைத்துவிடுகிறார்கள் என்று வேறு மாவட்டத்தில் கண்டுபிடித்திருந்தார்களாம்.

பத்தாவது நாள் செல்லமுத்து பழைய வேட்டி, சாக்கு, மரவள்ளிக் குச்சி, கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து ஓட்டைகளை அடைத்தார். நூற்று அறுபது அடைத்திருப்பார். அதற்குள் அனுராதா ஜீப்பில் வந்து இறங்கினார். காற்றோட்டம் குறைந்துவிட்டதென்று சௌகரியமானி கோள் சொல்லியிருந்தது.

“ஐயா, இது என்ன?”

“மக வருதுங்க மேடம். மாசமா இருக்குது. குளிரு ஆவாதுங்க.”

“நான் உங்க கூடப்பிறந்தவ மாதிரி சொல்றேன். ஓட்டையை அடைக்கறது வீட்டைத் தவறாப் பயன்படுத்தறதுல வருது. ஒரு தடவை நோட்டீஸ். ரெண்டாவது தடவை ஒதுக்கீடு ரத்து. வீட்டையும் அது நிக்கிற இடத்தையும் இயக்ககம் எடுத்துக்கும். கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

போட்டிருந்தார். அது அவருடைய அப்பன் பாட்டன் இடம். அடைத்ததையெல்லாம் அவரே பிடுங்கினார். அனுராதா கூட நின்று எண்ணினார். கோபம் வர வேண்டிய இடத்தில் செல்லமுத்துவுக்கு ஒன்றும் வரவில்லை. ரொம்ப நேரம் சம்மணம் போட்ட கால் மாதிரி, கிள்ளினாலும் தெரியாத ஒரு நிலைக்கு மனசு போயிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டும் சரியாக இருக்கிறது என்று அனுராதா சொன்னபோது, “சரிங்க” என்றார்.

மார்கழி ஏழாம் தேதி ஆஸ்பத்திரியில் கோகிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். கோகிலா வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். சுவரின் இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்துப் பலாமரம் தெரிந்தது.

“ஏனுங்கப்பா, ஊடு இன்னும் கட்டி முடியலீங்களா?”

“முடிஞ்சிருச்சு கண்ணு.”

அவள் உள்ளே போனாள். ஒரு மணி நேரம் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று துணிக்குள் சுற்றியிருந்தும் குழந்தையின் பாதம் சில்லிட்டுப் போயிருந்தது. அழுகை குறைந்துகொண்டே வந்தது. பாவாயி பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். சுவரில் பச்சை விளக்கைப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

அவள் போனது ஆட்டுக்கொட்டகைக்கு. மூங்கில் தப்பையில் மண் பூசிய சுவர், ஒரு சாண் கனத்துக்குப் புல் வேய்ந்த கூரை, ஆள் குனிந்து நுழைகிற ஒரே வாசல். உள்ளே ஒன்பது ஆடுகளின் மூச்சு. மூலையைக் கழுவி, சாணி தெளித்து, கயிற்றுக் கட்டிலைப் போட்டு, கட்டிலுக்கு அடியில் தணல் போட்ட கரிச்சட்டி வைத்தாள். அரை மணியில் குழந்தைக்கு முகம் சிவந்தது. பசித்து வீறிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது செல்லமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. ஓட்டை அடைப்பைப் பிடுங்கிய நாளுக்குப் பிறகு அவருக்கு ஏதாவது வந்தது அப்போதுதான்.

மறுநாளே தட்டுமுட்டுச் சாமானோடு குடும்பம் முழுக்கக் கொட்டகைக்கு மாறியது. ஆடுகள் ஆட்சேபிக்கவில்லை. அவற்றிடம் படிவம் எதுவும் இல்லை.

புது வீட்டை யாரும் தொடவில்லை. அடுப்பு இல்லை, மூச்சு இல்லை, நூறு வாட் ஆசாமிகள் யாரும் உள்ளே இல்லை. காற்று ஒரு தடங்கலும் இல்லாமல் வந்து போயிற்று. சென்னையில் வரைகோடு நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. இப்படி ஒரு வீட்டை இயக்ககம் அதன் வரலாற்றில் பார்த்ததில்லை. மாநிலத்தின் சிறந்த ஆற்றல் சிக்கன இல்லம் என்ற விருது வளப்பூர் நாட்டுச் செல்லமுத்துவுக்கு அறிவிக்கப்பட்டது. குழந்தை பிறந்த பத்தொன்பதாம் நாள் காலையில் மணிவண்ணனும் அனுராதாவும் கேடயத்தோடு வந்தார்கள். கூடவே ஒரு புகைப்படக்காரர்.

மணிவண்ணன் காலி வீட்டில் நடந்து பார்த்தார்.

“எவ்வளவு ஒழுக்கம்! ஒரு பொருள்கூட இல்லை. இப்படி ஒரு குடியிருப்பாளருக்காகத்தான் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தோம். சொல்லுங்க செல்லமுத்து, இந்த வீட்டுல வாழறது எப்படி இருக்கு?”

“தெரியலீங்க சார்.”

“அடக்கம்!” என்றார் மணிவண்ணன். புகைப்படக்காரர் படம் எடுத்தார்.

அப்போது கொட்டகையில் குழந்தை அழுதது. அனுராதா அந்தப் பக்கம் நடந்தார். வாசலில் குனிந்து உள்ளே போனவர், கையோடு கொண்டுவந்திருந்த சின்னச் சௌகரியமானியை நீட்டிப் பார்த்து “சார்!” என்று கூவினார். கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. முப்பத்தொரு டிகிரி. ஈரப்பதம் எண்பத்தெட்டு. அந்த மலைக்கு வந்ததிலிருந்து முதல் முறையாக அது ஓர் எண்ணைக் காட்டியிருந்தது.

மணிவண்ணன் உள்ளே வந்தார். குல்லாயைக் கழற்றினார், மப்ளரை அவிழ்த்தார், கையுறையை உருவினார். உடம்பு இதமானதில் முகமே மலர்ந்துவிட்டது. பிறகுதான் கோபப்பட வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

“இதுதான்! எதை ஒழிக்கிறதுக்காக இந்த இயக்ககம் பிறந்ததோ அந்த வீடு இதுதான். காற்றோட்டம் பூஜ்யம். வெப்பம், ஈரம், புகை, கால்நடை. இதுக்குள்ள ஒரு பச்சைக் குழந்தை! உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? பக்கத்துலேயே விருது வாங்கின வீடு இருக்கு, பிள்ளையை இங்க போட்டு வேக வைக்கிறீங்க!”

“அங்க குளிருங்க சார்” என்றாள் பாவாயி.

“நன்றி அம்மா. எங்க வெற்றியை உங்க வாயாலேயே சொல்லிட்டீங்க. அனுராதா, எழுதிக்கோங்க. இன்னிக்கே குடும்பம் குளிர் இல்லத்துக்கு மாறணும். ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் உள்ளே இருக்கணும், கருவியில பதிவாகணும். இந்தக் கொட்டகையை நாளைக்குப் பிரிச்சிடுங்க. மறுத்தா ஒதுக்கீடு ரத்து, இடம் இயக்ககத்துக்கு.”

அனுராதாவுக்கும் கட்டிலோரத்தை விட்டு எழ மனசில்லை. உட்கார்ந்தபடியே எழுதினார்.

கோகிலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையைத் துணியில் சுற்றினாள். மேலே ஒரு துண்டு, அதன் மேல் பாவாயியின் சால்வை. எழுந்து நின்றாள்.

“ஏனுங்கப்பா, கீழ போற பஸ்ஸு போயிருச்சுங்களா?”

செல்லமுத்து அவளைப் பார்த்தார். மூன்று மாதம் இருக்க வேண்டிய பிள்ளை பத்தொன்பது நாளில் வெறுங்கையோடு போகிறது. சம்பந்தி வீட்டில் என்ன பேசுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது. இருந்து என்ன செய்ய?

“இன்னும் இல்ல கண்ணு. இப்ப வந்துரும்.”

அவர் பையை எடுத்துக்கொண்டார். பாவாயி வாசல்வரை வந்து நின்றுவிட்டாள். ரோட்டில் பஸ் வந்து நின்றது. கோகிலா ஏறி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, துணியை விலக்கிக் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். பஸ் புறப்பட்டபோது மணிவண்ணனும் அனுராதாவும் ரோட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். புகைப்படத்துக்குக் குழந்தை வேண்டியிருந்தது.

“பொண்ணு எங்கே போறாங்க?” என்றார் மணிவண்ணன்.

“அவிய ஊட்டுக்குங்க. ஆஸ்பெஸ்டாஸ் கூரைங்க சார். நல்ல வெக்கையா இருக்குமுங்க. பிள்ளை பொழைச்சுக்கும்.” மகள் கதகதப்பான இடத்துக்குப் போகிற நிம்மதியில் செல்லமுத்து வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

மணிவண்ணனும் அனுராதாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அனுராதா பையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்துப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

“வெக்கையா? எவ்வளவுங்க ஐயா? எந்தத் தெரு, கதவு எண் என்ன?”

செல்லமுத்து வளைவில் திரும்புகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியாதுங்க.”

“ஊராவது?”

“அதுவும் தெரியாதுங்க.”

“கட்டிக்கொடுத்த மகளோட வீடு எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாதுங்க மேடம்” என்றார் செல்லமுத்து. “நான் அந்தப் பக்கம் போனதே இல்லீங்க.”